வைட்டமின் சி பாட்டில் ஏற்றினால் அப்பாவுக்குத் தெம்பு வருமா?

கேள்வி: ஐயா, என் அப்பாவுக்கு வயது 61. சேலம் அம்மாபேட்டையில் பட்டுத் தறி நெய்தவர். பெருங்குடலில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீமோ. ஃபால்ஃபாக்ஸ் என்று சீட்டில் எழுதியிருக்கிறது. ஆறு முடிந்துவிட்டது. பத்து வருஷமாகச் சுகர், இன்சுலின் போடுகிறார். ஒவ்வொரு கீமோவுக்கும் அப்புறம் ஒரு வாரம் எழுந்து நடக்கத் தெம்பில்லை. விரல் நுனி மரத்துப்போகிறது. நான் ஏற்காட்டில் வாழ்க்கைப்பட்டவள். கொஞ்சம் காற்றாட இருக்கட்டும் என்று கீமோ முடிந்த கையோடு அவரை மேலே கூட்டிவந்துவிடுகிறேன். என் மாமா சொல்லி, சேலத்தில் ஒரு கிளினிக்கில் விசாரித்தோம். வைட்டமின் சி 25 கிராம், வாரம் இரண்டு முறை, எட்டு வாரம் நரம்பில் ஏற்றினால் எதிர்ப்பு சக்தி கூடும், புற்று செல்கள் சாகும், களைப்பும் மரமரப்பும் போய்விடும் என்கிறார்கள். ஒரு தடவைக்கு 6,000 ரூபாய். கீமோ டாக்டரிடம் சொல்ல வேண்டாம், அவர்களுக்கு இதெல்லாம் பிடிக்காது என்றும் சொன்னார்கள். நகையை அடகு வைக்கலாம் என்றிருக்கிறேன். செய்யலாமா?

— ஒரு வாசகி, ஏற்காடு

அன்புள்ள சகோதரிக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். உங்கள் அப்பா இப்போது இருக்கும் நிலையில் இந்த ட்ரிப்பை நான் எழுதித் தர மாட்டேன். நகையை அடகு வைத்து, நிச்சயமாக வேண்டாம். ஆனால் காரணம் சொல்லாமல் விட்டால், நாளைக்கு மாமா ஒரு வீடியோ அனுப்பும்போது உங்கள் கையில் பதில் இருக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கவலை தந்தவை இரண்டு. ஒன்று, அப்பா இன்சுலின் போடுகிறார் என்பது. இன்னொன்று, "கீமோ டாக்டரிடம் சொல்ல வேண்டாம்" என்ற பேச்சு. இரண்டும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

வீட்டில் விரலைக் குத்தி ஸ்ட்ரிப்பில் ரத்தம் தொட்டு சுகர் பார்ப்பீர்கள் அல்லவா? அந்தச் சின்ன மெஷின்கள் பலவற்றுக்கு, ரத்தத்தில் மிதக்கும் ஏராளமான வைட்டமின் சிக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாது. ஸ்ட்ரிப்பில் நடக்கும் வேதிவினையில் வைட்டமின் சியும் கலந்துகொள்வதால், 110 இருக்கும் சுகரை 300 என்றுகூடக் காட்டிவிடலாம். ட்ரிப் ஏற்றிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வருகிறார், சாயங்காலம் சுகர் பார்க்கிறீர்கள், நம்பர் எகிறியிருக்கிறது, வழக்கத்தைவிட அதிக யூனிட் இன்சுலின் போடுகிறீர்கள் என்று வையுங்கள். உண்மையில் சுகர் சாதாரணமாக இருந்திருக்கும். ராத்திரி அது தாழ்ந்து, வியர்த்து, நினைவு தப்பும். அப்போது பதறிப்போய் மறுபடி ஸ்ட்ரிப்பில் பார்த்தாலும் மெஷின் அதிகம் என்றே சொல்லக்கூடும். இப்படி ஆபத்தான நிலைக்குப் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. தோலில் ஒட்டிக்கொள்ளும் சென்சார்களிலும் இதே குழப்பம் வரலாம். கிட்னி பலவீனமானவர்களுக்கு வைட்டமின் சி உடம்பைவிட்டுப் போகத் தாமதமாகும் என்பதால் இந்தப் பொய்க் கணக்கும் நீண்ட நேரம் நீடிக்கும். லேபில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஹெக்ஸோகைனேஸ் முறையில் பார்த்தால்தான் அந்தச் சமயத்தில் சரியான அளவு தெரியும். இந்த ஒரு விஷயத்தை அந்த கிளினிக்கில் யாராவது உங்களிடம் சொன்னார்களா? உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இன்சுலின் போடுகிறவருக்கு இதைச் சொல்லாமல் ட்ரிப் ஏற்றும் இடத்தில் வேறு எதையும் நம்பி ஒப்படைக்க எனக்கு மனம் வராது.

சரி, வைட்டமின் சிக்குப் புற்றுநோயில் வேலையே இல்லையா என்று கேட்டால், அப்படி ஒரே வரியில் தள்ளிவிடவும் முடியாது. இது நேற்று முளைத்த பேச்சு இல்லை. ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் யூவன் கேமரனும், இரண்டு நோபல் பரிசு வாங்கிய வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் 1976இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கைவிடப்பட்ட நிலையில் இருந்த 100 நோயாளிகளுக்குத் தினமும் 10 கிராம் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் நரம்பில், பிறகு வாய்வழியாக. அதே ஆஸ்பத்திரியின் பழைய ரெக்கார்டுகளில் இருந்து 1,000 பேரை எடுத்து ஒப்பிட்டு, இவர்கள் நான்கு மடங்குக்கு மேல் வாழ்ந்தார்கள் என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பழைய ரெக்கார்டோடு ஒப்பிடுவதில் பெரிய ஓட்டை உண்டு. யாரை எந்தக் கட்டத்தில் "இனி வழியில்லை" என்று எழுதினார்கள் என்பதே இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்திருக்காது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1979இலும் 1985இலும், யாருக்கு நிஜ மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று நோயாளிக்கும் தெரியாமல் மருத்துவருக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்த்தது. பலன் எதுவும் இல்லை. இரண்டாவது ஆய்வில் இருந்தவர்கள் எல்லோருக்கும் உங்கள் அப்பாவுக்கு இருப்பது போன்ற குடல் புற்றுநோய்தான்.

ட்ரிப் ஆதரவாளர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. மேயோ ஆய்வில் வாய்வழியாக மட்டும் கொடுத்தார்கள். வாயால் எவ்வளவு விழுங்கினாலும் குடல் ஓரளவுக்குமேல் உறிஞ்சாது. நரம்பில் ஏற்றினால் ரத்தத்தில் அதன் அளவு அதைவிடப் பல பத்து மடங்கு ஏறும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்க் லெவின் குழுவினர் 2004இல் இதை அளந்து காட்டினார்கள். அவ்வளவு செறிவில் வைட்டமின் சி செல்களுக்கு வெளியே ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கி, சோதனைக் கூடத்துப் புற்று செல்களைக் கொல்கிறது என்று 2005இல் சொன்னார்கள். அதாவது, அங்கே அது செல்களைக் காக்கும் ஆன்டிஆக்சிடன்ட்டாக வேலை செய்வதில்லை, நேர் எதிராகச் செய்கிறது. ஒரே பாட்டில் "ஆன்டிஆக்சிடன்ட், எதிர்ப்பு சக்தி" என்றும் "செல்லைக் கொல்லும்" என்றும் விளம்பரமாவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. விற்கிறவர்களுக்கே அது எப்படி வேலை செய்வதாகச் சொல்லப்படுகிறது என்பது தெரியவில்லை.

சோதனைக் குழாயில் சாவது மனித உடம்பிலும் சாகுமா என்பதுதான் கேள்வி. உங்கள் அப்பா விஷயத்தில் இதற்குக் கிட்டத்தட்ட நேரடியான பதிலே இருக்கிறது. சீனாவில் பரவிய குடல் புற்றுநோய் உள்ள 442 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு ஃபால்ஃபாக்ஸ் கீமோ, மீதிப் பேருக்கு அதே கீமோவோடு வைட்டமின் சி ட்ரிப் என்று பிரித்துக் கொடுத்தார்கள். சிலருக்கு இரண்டு பக்கமும் பெவாசிசுமாப் என்ற இன்னொரு புற்று மருந்தும் உண்டு. முடிவு 2022இல் வந்தது. அளவு எவ்வளவு தெரியுமா? உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை கிராம், ஒவ்வொரு சுற்றிலும் மூன்று நாள். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 90 கிராம். உங்களிடம் சொன்ன 25 கிராமைப் போல மூன்றரை மடங்கு. அவ்வளவு கொடுத்தும் நோய் வளராமல் இருந்த காலம் 8.3 மாதத்திலிருந்து 8.6 மாதம் ஆனது. கணக்குப்படி அதை வித்தியாசம் என்றே சொல்ல முடியாது. கீமோவின் கடுமையான பக்கவிளைவுகளும் குறையவில்லை. ராஸ் என்ற மரபணு மாறியிருந்தவர்களில் மட்டும் கீமோவுக்கு 7.8 மாதம், ட்ரிப்பும் சேர்ந்தால் 9.2 மாதம் என்று ஒரு சின்ன இடைவெளி தெரிந்தது. மேலும் ஆராய அது ஒரு காரணமாகலாம். அதை நம்பி 96,000 ரூபாய் செலவழிக்க முடியாது.

மாமா ஒருவேளை கணையப் புற்றுநோய்ச் செய்தியை அனுப்பியிருக்கலாம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 2024இல் வெளியிட்டது. பொய்ச் செய்தி இல்லை. பரவிய கணையப் புற்றுநோயில் கீமோவோடு 75 கிராம், வாரம் மூன்று முறை கொடுத்ததில், பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம் 8.3 மாதத்திலிருந்து 16 மாதமாக நீண்டது. மனசுக்கு நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் மொத்தம் 34 பேர். அது வேறு உறுப்பு, வேறு கீமோ, வேறு அளவு. பெரிய ஆய்வில் இது நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அதுவும் அங்கே ரத்தம், கிட்னி எல்லாம் பரிசோதித்து, கீமோ டாக்டரின் கண்பார்வையில் கொடுத்தார்கள்.

"நோய் போகாவிட்டாலும் தெம்பாவது வருமே" என்பதுதான் உங்கள் மனதில் இருப்பது என்று நினைக்கிறேன். நானும் வலியையும் களைப்பையும் பார்க்கிற மருத்துவன்தான், அதனால் இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கொரியாவில் 2007இல் 39 பேரிடம் கேட்டு, ட்ரிப்புக்குப் பிறகு களைப்பு குறைந்தது என்று எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ட்ரிப் போடாத ஒரு குழு இல்லை. இந்த மாதிரி சின்ன ஆய்வுகள்தான் அதிகம். ட்ரிப் போட்டதும் தெம்பு வந்தது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. கீமோவுக்குப் பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பாடு இறங்காமை என்று உடம்பு வறண்டு கிடக்கும். அரை லிட்டர் சலைன் உள்ளே போனாலே முகம் தெளியும், எழுந்து உட்காருவார்கள். அது நீரின் வேலை. அதற்கு 6,000 ரூபாய் வேண்டாம். கீமோ வார்டிலேயே ஏற்றுவார்கள்.

அப்பாவின் களைப்புக்குக் காரணம் தேடினீர்களா? அடுத்த கீமோவுக்குப் போகும்போது இதைத்தான் கேட்க வேண்டும். குடல் புற்றுநோயில் உள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்து இரும்புச்சத்து தீர்ந்துபோவது சகஜம். ஹீமோகுளோபினோடு, இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் இரும்பையே நரம்பில் ஏற்றலாம். பலன் தெரிந்த ட்ரிப் அது. வாந்தி வராமல் இருக்கக் கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் கொடுத்திருப்பார்கள். அது முதல் இரண்டு மூன்று நாள் சுகரைத் தூக்கிவிடும், ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும், நிறுத்தியதும் ஆளைக் கீழே தள்ளும். "கீமோவுக்கு அப்புறம் ஒரு வாரம்" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் தோன்றியது. அந்த நாட்களின் சுகரை நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள், இன்சுலினை அதற்கு ஏற்ப மாற்றித் தருவார்கள். தைராய்டு, பொட்டாசியம், மெக்னீசியம், வலி, மனச்சோர்வு எல்லாவற்றையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். தறியில் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கிற மனுஷர், மாதக்கணக்கில் சும்மா கிடப்பதே அவரை உடைத்திருக்கும். நடை ஒரு மருந்து. கீமோ களைப்புக்கு நன்றாக நிரூபணமானது உடற்பயிற்சிதான். வாசலுக்கும் தெருமுனைக்கும் பத்து நிமிஷம், காலையும் மாலையும், ஒருவர் கூடவே நடந்தால் போதும்.

விரல் மரமரப்பு ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தால் வருவது. ஃபால்ஃபாக்ஸில் அது ஒரு பகுதி. இங்கேதான் ஏற்காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மருந்து ஏறிய முதல் சில நாட்களுக்கு நரம்புகளுக்குக் குளிர் ஆகாது. பச்சைத் தண்ணீரைத் தொட்டால் ஷாக் அடித்த மாதிரி இருக்கும். குளிர்ந்ததைக் குடித்தால் தொண்டை அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். கீமோ முடிந்த கையோடு மேலே கூட்டிவருகிறீர்கள். டிசம்பர், ஜனவரிப் பனியில், விடியற்காலையில் குழாய்த் தண்ணீரில் முகம் கழுவினால் அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். உங்கள் பாசத்தைக் குறை சொல்லவில்லை, கூட்டிவரும் நாளை மட்டும் மாற்றுங்கள். முதல் ஐந்தாறு நாள் அம்மாபேட்டையிலேயே இருக்கட்டும், அப்புறம் மேலே வரட்டும். அங்கே வந்தால் வெந்நீர், கையுறை, சாக்ஸ், மூக்கும் வாயும் மூடுகிற மாதிரி மஃப்ளர். இன்னொன்று: கீழே இருந்தால், ராத்திரி காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. கீமோ நாட்களில் காய்ச்சலுக்கு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கொண்டை ஊசி வளைவுகளில் பனிக்குள் இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

குளிர் பட்டால் வருகிற மரமரப்பு சில நாளில் போய்விடும். அடுத்த கீமோ வரைக்கும் போகாமல் நிற்கிறதா என்பதுதான் முக்கியம். சட்டைப் பட்டன் போட முடிகிறதா, அறுந்த பட்டு இழையைப் பிணைக்க முடிகிறதா என்று அப்பாவைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் அதைக் கீமோ டாக்டரிடம் அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். "மரத்துப்போகிறது" என்பதைவிட "இழை பிணைக்க முடியவில்லை" என்பது அவருக்கு உடனே புரியும். ஆக்ஸாலிபிளாட்டின் அளவைக் குறைப்பார், அல்லது அதை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடர்வார். இது வழக்கமாகச் செய்வதுதான். பயந்துகொண்டு மறைத்தால் நரம்பு நிரந்தரமாகக் கெடக்கூடும். வலியாக இருந்தால் டுலாக்செட்டின் என்ற மாத்திரை சிலருக்கு உதவுகிறது. இந்த மரமரப்பை வைட்டமின் சி ட்ரிப் போக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது.

உடம்பில் வைட்டமின் சி குறைந்திருந்தால் என்ன செய்வது? சரியாகச் சாப்பிடாத புற்று நோயாளிகளுக்குக் குறைவது உண்மைதான். ஆனால் ஒரு ஆணுக்கு ஒரு நாள் தேவை 80 மில்லிகிராம். ஒரு நடுத்தரக் கொய்யாவில் அதைவிட அதிகம் இருக்கிறது. உங்கள் மலையிலேயே காய்க்கிறது. நன்றாகக் கழுவி, பாதிப் பழம் கொடுங்கள். சுகருக்கும் பெரிய பாதகம் இல்லை. பழம் இறங்காவிட்டால் டாக்டரைக் கேட்டு ஒரு மாத்திரை.

இவ்வளவுக்கும் பிறகு அப்பாவே, "இல்லம்மா, ஒரு தடவை போட்டுப் பாக்கலாம்" என்று ஆசைப்பட்டால், சண்டை வேண்டாம். அவர் உடம்பு, அவர் முடிவு. ஆனால் சில விஷயங்களை முடிக்காமல் ஊசி நரம்பில் இறங்கக் கூடாது. ஜி6பிடி ரத்தப் பரிசோதனை கட்டாயம். அந்த என்சைம் குறைவாக உள்ளவர்களுக்கு இந்த அளவு வைட்டமின் சி ஏற்றினால் சிவப்பணுக்கள் கொத்தாக உடையும். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் அதை லேபில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கொடுத்தவருடைய ரத்தம் ரிசல்ட்டை மறைத்துவிடும். கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். வைட்டமின் சி உடைந்து ஆக்சலேட்டாகிக் கிட்னியில் படிந்து, கிட்னி செயலிழந்தவர்கள் உண்டு. பத்து வருஷச் சுகரில் கிட்னி எப்படி இருக்கிறது என்று தெரியாமல் இதில் இறங்கவே கூடாது. கல் இருந்த வரலாறு இருந்தாலும் கூடாது. அப்புறம் உப்பு: இந்த மருந்தை நரம்பு தாங்குகிற மாதிரி சோடியம் சேர்த்துத்தான் தயாரிப்பார்கள். 25 கிராமில் சுமார் 3 கிராம் சோடியம், அதாவது 8 கிராம் சாப்பாட்டு உப்புக்குச் சமம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. கால் வீக்கமோ வயிற்றில் நீரோ மூச்சு வாங்கலோ இருந்தால் இது ஒன்றே போதும், வேண்டாம் என்று சொல்ல.

இதைப் படிக்கும் வேறு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு போர்ட்டிசோமிப் ஊசி போடுகிறவர்கள் வைட்டமின் சியைப் பெரிய அளவில் எடுக்கவே வேண்டாம், ஆய்வகச் சோதனைகளில் அது அந்த மருந்தின் வேலையை முடக்குகிறது.

கீமோ டாக்டருக்குப் பிடிக்காது என்று சொன்னார்களே, அவர் கோபப்பட்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் கூட்டத்தில் பேச நேரம் கிடைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், உட்கார்ந்ததும் தாளையே நீட்டுங்கள். வீட்டிலேயே வந்து பார்க்கும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சை "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இருக்கிறது. உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்துவையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எவ்வளவு மீதம் இருக்கிறது என்பதையும் ஆஸ்பத்திரிக் காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேனுக்கும் மருந்துக்கும் இனியும் தேவைப்படும்.

மாமாவிடம் கோபப்பட வேண்டாம். அவருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்புதான். அடுத்த கீமோ நாளில் அவரையே அப்பாவோடு வார்டில் உட்காரச் சொல்லுங்கள். அந்த வாரம் சாயங்கால நடைக்கும் அவரே கூட்டிப் போகட்டும். சுகர் நோட்டையும் அவரிடமே கொடுத்து, தினமும் எழுதச் சொல்லுங்கள்.